நீதிபதி மீது புகார் வந்தால்…

1976-இல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே.வீராசாமி மீது, வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாக சிபிஐ வழக்குப் பதிந்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முடிவு 1991-இல் இப்படி வந்தது: நீதிபதிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்ட பொது ஊழியர்களே. ஆனால், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் அவர்கள் மீது வழக்குப் பதியக் கூடாது. சட்டத்தில் இல்லாத இந்த நிபந்தனையை எழுதிச் சேர்த்தது நீதிமன்றமே.

அதே நீதிமன்றம், 1997-இல் ஜெயின் ஹவாலா வழக்கில், இணைச் செயலரும் அதற்கு மேற்பட்டவர்களுமான அதிகாரிகளை விசாரிக்க அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற உத்தரவை ரத்து செய்தது. அரசு அதைச் சட்டப் பிரிவாக்கிக் கொண்டுவந்தபோது, 2014-இல் அதுவும் செல்லாது என்றது. (2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு என்ற புதுப் பெயரில் முன்அனுமதி திரும்பி வந்தது தனிக் கதை.)

அதிகாரிக்கு ஆகாது என்று நீதிமன்றம் சொன்ன கவசம் நீதிபதிக்கு மட்டும் ஏன்? ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதிய மறுநாளே சிபிஐ வாசலில் நிற்குமென்றால் எந்த நீதிபதி துணிந்து எழுதுவார் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால், விசாரணையை அரசின் கையில் கொடுக்காதே என்பதற்குத்தான் அது காரணமாகும். சக நீதிபதிகளின் கையில் கொடு என்பதற்கு ஆகாது.

சக நீதிபதிகள் விசாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2019 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் மீது நீதிமன்ற முன்னாள் ஊழியர் ஒருவர் பாலியல் புகார் கொடுத்தார். கோகோய் மறுத்தார். சனிக்கிழமை அவசரமாகக் கூடிய சிறப்பு அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. உத்தரவில் மட்டும் கையெழுத்திடவில்லை. பிறகு புகாரை விசாரித்த குழுவின் மூவரும் அவருடன் பணியாற்றிய நீதிபதிகள். வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்காத அந்தப் பெண் பாதியில் விலகினார். புகாரில் சாரமில்லை என்றது குழு. அறிக்கை வெளியிடப்படவில்லை. பணிநீக்கம் செய்யப்பட்டிருந்த அந்தப் பெண்ணுக்கு 2020-இல் வேலை திரும்பக் கிடைத்தது. புகார் பொய் என்றால் வேலை ஏன், உண்மை என்றால் அந்த முடிவு ஏன்? கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை. கோகோய்க்கும்கூட இது நல்லதல்ல. மூடிய அறையில் கிடைத்த விடுதலையை ஊர் நம்பாது.

உயர் நீதிமன்ற நீதிபதிகளும் தன் வரம்புக்குள் வருவர் என்று 2025 ஜனவரியில், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் சொன்னது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதற்குத் தடை போட்டது. லோக்பால் வேண்டாம் என்றால் சரி, வேறு எது? நீதித் துறைப் பொறுப்புடைமை மசோதா 2012-இல் மக்களவையில் நிறைவேறியது, 2014-இல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. அரசோ தலைமை நீதிபதியோ தனித்து நியமிக்க முடியாத, நீதித் துறைக்கு வெளியில் உள்ளவர்களும் இடம்பெறும் நிலையான விசாரணை அமைப்பு ஒன்று தேவை. அது வரும்வரை, நீதிபதிகளே நடத்தும் உள்விசாரணையின் அறிக்கையைப் புகார்தாரருக்காவது கொடுக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை.