‘அனுசரிச்சுப் போம்மா’ என்று சொல்வதற்கு முன்... குடும்ப வன்முறையும் பிறந்த வீட்டின் பதிலும்!

மயிலாப்பூர் மாட வீதியோ, தி.நகரோ, அடையாறு அப்பார்ட்மென்ட்டோ... ராத்திரி பக்கத்து ஃபிளாட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் டி.வி வால்யூமைக் கூட்டிக்கொள்கிறார்கள். ‘அது அவங்க குடும்ப விஷயம்.’ மறுநாள் லிஃப்ட்டில் அந்தப் பெண்ணும் சிரிக்கிறார், பார்த்தவர்களும் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

படித்த, கை நிறைய சம்பாதிக்கிற குடும்பங்களில் இதெல்லாம் நடக்காது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அகில இந்திய சராசரியே 29தான்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாடு முழுக்க உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவிகிதம் பேர் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. உதவி கேட்டவர்கள் வெறும் 14 சதவிகிதம். அவர்களிலும் அதிகம் பேர் போய் நின்றது போலீஸிடமோ டாக்டரிடமோ இல்லை, பிறந்த வீட்டு வாசலில்!

அந்த ஒரு பதில்

ஆக, முதல் போன் அம்மாவுக்கோ அக்காவுக்கோதான் வருகிறது. ‘கோபக்காரர்தான், ஆனா நல்லவர்’, ‘தங்கச்சி கல்யாணம் முடியட்டும்’, ‘நாலு பேர் என்ன பேசுவாங்க?’ இப்படி ஒரு பதில் வந்துவிட்டால், அடுத்த முறை அடி விழும்போது அவர் போனையே எடுக்க மாட்டார்.

ஜெயிலா, வீடா?

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. இன்று மயிலாப்பூர், அடையாறு என்று பக்கத்திலேயே மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் கால் தயங்குகிறது. ‘அவரை உள்ளே தூக்கிப் போட்டுட்டா குழந்தைங்க கதி?’ பல பெண்கள் கேட்பது தண்டனை அல்ல. அடி நிற்க வேண்டும், தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்கள் பாதுகாப்புச் சட்டம் இதற்காகத்தான். அடி மட்டுமல்ல, கேவலமாகப் பேசுவது, செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பது, பாலியல் கொடுமை எல்லாமே இதில் வன்முறைதான். மனைவி மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் அம்மாவும் சகோதரியும்கூட இதன் கீழ் உதவி கேட்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால், அவர் அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பாதுகாப்பு, குடியிருக்கும் உரிமை, ஜீவனாம்சம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றுக்கு அங்கே உத்தரவு கேட்கலாம். வழக்கு இழுத்தாலும் நடுவிலேயே இடைக்கால உத்தரவு கேட்க வழி உண்டு.

‘வீடு மாமனார் பேர்ல இருக்கே?’ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. கணவரோடு குடும்பம் நடத்திய வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும், அங்கே குடியிருக்கும் உரிமையைக் கோரலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் பங்கு கிடைக்கும் என்று இதற்கு அர்த்தமல்ல. ஆனால் நினைத்த நேரத்தில் நடுத்தெருவில் நிறுத்திவிட முடியாது.

போனை எடுப்பவர்கள் கவனிக்க...

* ‘நீ என்ன பண்ணினே?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘நான் நம்புறேன்’ என்று முதலில் சொல்லுங்கள்.

* அவர் கேட்காமல் மாப்பிள்ளைக்கு போன் போட்டுப் பஞ்சாயத்து பேசாதீர்கள். அன்றிரவு அதற்கான அடி அவருக்குத்தான் விழும்.

* ஆதார், பேங்க் பாஸ்புக், குழந்தைகளின் சான்றிதழ் நகல்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

* ‘உடனே கிளம்பி வா’ என்று அவசரப்படுத்தாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்தான் ஆபத்து அதிகம். எப்போது, எப்படி என்பதை அவர் முடிவு செய்யட்டும். உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்காமல் 112-ஐ அழையுங்கள்.

தமிழ்நாட்டில் 2018 முதல் இயங்கும் பெண்கள் உதவி எண் 181. இரவு, பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி மையத்தில் வக்கீல் இலவசம். சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி போன்ற தொண்டு நிறுவனங்கள் கவுன்சலிங்கும் தங்குமிடமும் தருகின்றன.

181-ஐ உங்கள் போனில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். உங்களை நம்பி போன் செய்யும் ஒருவருக்குத் தேவைப்படலாம்.