தரைக்கு அடியில் கசியும் பெட்ரோல்

மும்பை போன்ற நகரங்களில் வீடுகளை ஒட்டியே பெட்ரோல் பங்க்குகள் இருக்கின்றன. தரைக்கு அடியில் புதைத்த இரும்புத் தொட்டி துருப்பிடித்துக் கசிந்தால், வெளியே எதுவும் தெரியாது.

கண்டுபிடிக்கும் வழி பழைய வழிதான். தினமும் தொட்டிக்குள் அளவுக் கம்பியை விட்டு இருப்பைக் குறித்து, முந்தின நாள் விற்பனையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பல பங்க்குகளில் இப்போது தானியங்கி அளவுமானியும் உண்டு. ஆனால் குறைவு கண்டால், "ஆவியாகிவிட்டது" என்று எழுதிக் கணக்கை முடித்துவிடலாம். பெட்ரோல் ஆவியாவது உண்மைதான். விற்பனை இல்லாத இரவிலும் மட்டம் மளமளவென்று இறங்கினால், ஆவியின் மேல் பழி போட முடியாது.

மழைக் காலத்தில் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரலாம். பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து, அடியில் தங்கும். வண்டி நடுவழியில் நின்ற பிறகே விஷயம் அம்பலமாகும்.

கசிந்த பெட்ரோல் அக்கம்பக்கத்துக் கிணறு, போர்வெல்களுக்குப் போகக்கூடும். அதிலுள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

பள்ளி, ஆஸ்பத்திரி, குடியிருப்புகளில் இருந்து 50 மீட்டர் தள்ளியே புதிய பங்க் வரவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் விதித்தது. இடமில்லாவிட்டாலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. இது புதியவற்றுக்கு. சந்து முனையில் ஏற்கெனவே இருப்பவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அங்கே கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தால் அதைக் குடிக்கக் கூடாது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே புகார் எழுத வேண்டும்.