பல்கலைக் கழகம் குடி மாறுகிறது!

புது வீட்டுக்குக் குடி போகும்போது என்ன செய்வோம்? பரணில் கிடப்பதை எல்லாம் கீழே இறக்குவோம். வேண்டியதை எடுத்துக்கொள்வோம். ஓட்டைப் பானையைக் கழித்துவிடுவோம். அதையும் வண்டியில் ஏற்றினால், புது வீட்டிலும் பழைய குப்பைதானே சேரும்?

உலகில் பல பல்கலைக் கழகங்கள் இப்படிக் குடி மாறுகின்றன. மாறுவது கட்டடம் அல்ல, இணையதளம்!

ஏன் மாறவேண்டும்?

பெரிய பல்கலைக் கழகத்தின் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கும். அவற்றை எழுத, திருத்த, அடுக்கி வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். அவற்றுள் ஒன்று 'துருபல்'. பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் பல்கலைக் கழகத்தில் படித்த டிரீஸ் பைட்டார்ட் என்பவர் உருவாக்கியது. 2001-ல் வெளிவந்தது. இலவசம் என்பதால் பல பல்கலைக் கழகங்கள் அதை எடுத்துக்கொண்டன.

அதன் 7-வது பதிப்பு 2011-ல் வந்தது. 14 ஆண்டுகள் உழைத்தது. 2025 ஜனவரி 5-ந் தேதியோடு, அதை உருவாக்கிய குழுவினர் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்டார்கள். பூட்டு பழுதான வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்?

இரண்டு வட்டங்கள்

2010-ல் ரண்டல் மன்ரோ என்ற அமெரிக்கர் ஒரு கேலிச் சித்திரம் வரைந்தார். இரண்டு வட்டங்கள். ஒன்றில், பல்கலைக் கழகம் முகப்பில் வைப்பவை: அழகான படங்கள், தலைவரின் கடிதம். மற்றதில், மக்கள் தேடி வருபவை: விண்ணப்பப் படிவம், பாடப் பட்டியல், ஆசிரியரின் தொலைபேசி எண். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. பல்கலைக் கழகத்தின் பெயர்!

சிரிப்பு வருகிறது. ஆனால், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி தவறாக இருந்தால்? விவரம் தெரிந்தவர்கள் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளை யாரிடம் கேட்கும்? அதற்கு அந்தப் பக்கம்தான் வழிகாட்டி. தேதி தவறினால் ஓர் ஆண்டு வீண்!

செய்யவேண்டியது என்ன?

முதலில் கணக்கெடுப்பு. எத்தனை பக்கங்கள்? யார் படிக்கிறார்கள்? எது காலாவதியானது? ஒரே கட்டணம் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருந்தால், சரியானதை வைத்து மற்றதை நீக்கவேண்டும்.

அடுத்தது, எளிய நடை. அறிவிப்பைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகத் தரவேண்டும். அப்போதுதான் பார்வையற்ற மாணவருக்கும் கணினி அதைச் சரியாக வாசித்துக் காட்டும்.

மூன்றாவது, பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 100-க்கு 38 பத்தே ஆண்டுகளில் மறைந்துவிட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-ல் கண்டறிந்தது.

குடி மாறுவதை இயந்திரத்தின் வேலை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பக்கங்களை இயந்திரம் விரைவில் மாற்றிவிடும். கட்டணம் சரியா, தேதி சரியா என்பது அதற்குத் தெரியாது. துறையில் உள்ளவர்கள் உட்கார்ந்து படித்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்கவேண்டும். குடிபோன பிறகும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர் அதைத் திரும்பிப் பார்க்கவேண்டும்.