பொடியும் தூசியும்

ஆங்கிலத்தில் 'டஸ்ட்' என்பது ஒரு சிறு சொல். பள்ளிப் பிள்ளையும் அறிந்த சொல். மொழிபெயர்ப்புப் பாடத்தில் இச்சொல் எதிர்ப்பட்டவுடன் நம் மாணாக்கருள் பலர் 'தூசி' என்று எழுதிவிட்டு மேலே செல்கின்றனர். அகராதியைப் புரட்டுவோரும் முதலிற் கண்ட பொருளோடு நின்றுவிடுகின்றனர். இவ்வழக்கம் நம் மொழிக்கும் நம் அறிவுக்கும் கேடு விளைப்பது என்பது எம் கருத்து. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கடைச்சரக்கைப் போல் மாற்றிக்கொள்வதற்கு மொழிகள் நாணயங்கள் அல்லவே.

முதலில் ஆங்கிலச் சொல்லின் இயல்பைச் சிறிது காண்போம். அது பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். வினையாகுங்கால் ஒன்றற்கொன்று நேர்மாறான இரு செயல்களைக் குறிக்கும். மேசையின்மேற் படிந்ததைத் துடைத்தெடுப்பதும் 'டஸ்ட்' செய்தலே. பணியாரத்தின்மேல் சர்க்கரையைத் தூவுவதும் 'டஸ்ட்' செய்தலே. நீக்குவதற்கும் இடுவதற்கும் ஒரே வினை! தமிழிலோ தட்டுதல் வேறு, தூவுதல் வேறு. இனி, அவர்கள் 'டஸ்ட்பின்' என்பதை நாம் குப்பைத்தொட்டி என்கிறோம். தூசித்தொட்டி என்று எவரும் சொல்லார். நிலக்கரி எரித்த இங்கிலாந்து வீடுகளில் நாள்தோறும் வெளியேற்றிய கழிவில் பெரும்பகுதி சாம்பலும் கரித்தூளுமே ஆகலின் அங்கே அப்பெயர் பொருந்திற்று. நம் வீதிக் குப்பையில் வாழையிலையும் காய்கறித் தோலும் மிகுந்திருந்தன. நம் மக்கள் சொல்லைப் பாராது பொருளைப் பார்த்துப் பெயரிட்டனர். படித்தவர் செய்யத் தவறும் மொழிபெயர்ப்பைத் தெருவிலுள்ளோர் செவ்வனே செய்துவிட்டனர்.

தமிழில் நுண்ணிய பொருளுக்குரிய பெயர்களை எண்ணிப் பாருங்கள். காலடியிற் கிளம்புவது புழுதி. பலகையிற் படிவது தூசி. இடித்துச் சலித்தது பொடி. அரிசியையோ கேழ்வரகையோ திரித்தது மாவு. வாளறுக்கும்போது உதிர்வது மரத்தூள். மலரில் உள்ளது தாது. வெந்து எஞ்சியது நீறு. பௌதிக ஆசிரியர் கூறுவது துகள். மணங்கூட்டி இடித்தது சுண்ணம். மாணிக்கவாசகர் திருப்பொற்சுண்ணம் பாடியது அதனையே வைத்தாம். இச்சொல்லின் உறவான சுண்ணாம்பு நம் நாட்டுச் சுவர்களில் மட்டுமன்றி ஆங்கில அகராதியிலும் 'சுனாம்' என்று ஏறியிருக்கிறது. அவர்கள் நம்மிடம் கடன் பெற்றதும் உண்டு என்பதை இடையே நினைவூட்டுகிறோம்.

இவற்றுள் பொடி என்னும் சொல்லின் செல்வாக்கு தனித்தது. சமையலறையில் மிளகாய்ப்பொடி, இரசப்பொடி, காப்பிப்பொடி; முதியோர் மடியில் மூக்குப்பொடி. சிறுவன் பொடியன், மெல்ல நடப்பது பொடிநடை, உட்பொருள் வைத்துரைப்பது பொடி வைத்துப் பேசுதல். இத்தனைக்கும் 'தூசி' என்று பெயர்த்துப் பாருங்கள், நகைப்பிற்கே இடமாகும்.

நகைப்போடு ஒழியாத இடமும் உண்டு. கொள்ளிடத்திற்கும் காவேரிக்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை தொடுத்தவர் விப்பிரநாராயணர். திருமண்டங்குடியிற் பிறந்தவர், நாற்பத்தைந்து பாசுரங்கொண்ட திருமாலையும் பத்துப் பாசுரங்கொண்ட திருப்பள்ளியெழுச்சியும் அருளியவர். உலகம் அவரை அழைப்பது தொண்டரடிப்பொடி ஆழ்வார் என்று. வடமொழியாளர் பக்தாங்கிரிரேணு என்பர். இறைவனுடைய அடிப்பொடி என்றுகூட அன்று. இறைவனுக்குத் தொண்டு பூண்டோருடைய அடியில் ஒட்டிய பொடி. தம்மை இதனினும் தாழ்த்திக்கொள்ள இடமில்லை. ஆயினும் அப்பெயரில் இழிவின் சாயல் சிறிதேனும் உண்டோ? ஆங்கிலத்தில் அப்பெயரை விளக்குவோர் 'டஸ்ட்' என்றே எழுதுகின்றனர். அவர்களுக்கு வேறு வழியில்லை. அவ்வாங்கிலத்தைப் படித்து மீண்டும் தமிழாக்கும் மாணவன் 'அடியார் காலின் தூசி' என்று எழுதும்போதுதான் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. தூசி என்பது துடைத்தெறியத் தக்கது. அடிப்பொடி சென்னியிற் சூடத் தக்கது. பொருளின் அளவு ஒன்றே, அதனை நோக்கும் மனம் வேறு. அம்மனத்தைக் காட்டுவதற்கன்றோ மொழி ஏற்பட்டது?

கிறிஸ்தவ வேதத்தைக் கற்போர் இதனை ஒப்பிட்டு நோக்குதல் நலம். தம்மை ஏற்றுக்கொள்ளாத ஊரை விட்டுப் புறப்படுங்கால் காலில் ஒட்டியதை உதறிவிடுமாறு சீடர்களுக்குக் கட்டளை உண்டு. அங்கே அது அவ்வூருக்கு எதிரான சாட்சி. ஈண்டுக் காலில் ஒட்டியது ஒருவருக்குத் திருநாமம். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் சொல் ஒன்றே. ஆதியாகமத்தில் மனிதன் எதனால் ஆனவன், எதற்குத் திரும்புவான் என்று கூறுமிடத்திலும் ஆங்கில வேதம் அச்சொல்லையே ஆள்கிறது. தமிழ் வேதமோ மண் என்று கூறிற்று. அவ்வாறு பெயர்த்தோரை எவ்வளவு பாராட்டினும் தகும். மனிதன் தூசியாவான் என்றால் காற்றோடு போனான் என்பதே தோன்றும். மண்ணாவான் என்றால் பிறந்த இடத்திற்கே போய்ச் சேர்ந்தான் என்பது தோன்றும்.

திருவானைக்காவிற்குச் சென்றால் ஜம்புகேசுவரர் ஆலயத்தின் புறமதிலைத் திருநீற்றான் மதில் என்பர். மதில் எழுப்பிய வேலையாட்களுக்குச் சிவபெருமான் சித்தர் வடிவில் வந்து திருநீற்றைக் கூலியாக அளித்தார் என்பதும், அஃது அவரவர் உழைத்த அளவிற்கேற்பப் பொன்னாயிற்று என்பதும் தலவரலாறு. ஒருபிடி நீறு உழைப்பை அளக்கும் தராசாயிற்று! காவேரிக்குத் தென்கரையில் நம் நகரத்துக் கத்தோலிக்க ஆலயங்களில் தவக்காலத் தொடக்க நாளைத் திருநீற்றுப் புதன் என்கின்றனர். சீர்திருத்தத் திருச்சபையார் சாம்பற் புதன் என்பர். முன்னவர் தமிழ்நாட்டுச் சமய வழக்கிலிருந்து ஒரு சொல்லைத் தயங்காது எடுத்துக்கொண்டனர், பின்னவர் தயங்கினர். இரண்டிற்கும் காரணம் உண்டு. எமக்கு முன்னதே உவப்பு என்பதை மட்டும் சொல்லி அமைகிறோம்.

பழைய நூல்களைக் கற்போர் வேறொரு பள்ளத்தில் விழுவதுண்டு. செய்யுளில் வரும் தூசு பெரும்பாலும் ஆடை. தூசி என்பது படையின் முன்னணி. அரசன் தூசிப்படையை ஏவினான் என்றால் அவன் புழுதியை வாரி இறைத்தான் என்பது பொருளன்று. இனி, போரில் வெடிப்பதை ஆங்கிலேயர் 'பவுடர்' என்றனர். தமிழர் மருந்து என்றனர். பிரெஞ்சுப் படை 1752-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் ஆங்கிலேயரிடம் சரணடையும் வரை இவ்வூர்க் கோட்டையைச் சுற்றிப் புகைந்தது அம்மருந்தே. உயிர் வாங்குவதற்கு மருந்து என்று பெயரிட்டவரின் குறும்பை என்னென்பது!

இன்று நிகழ்வது யாது? 'டஸ்ட்' என்னும் சொல் அப்படியே நம் வாயில் நுழைந்திருக்கிறது. வகுப்பில் 'டஸ்டர்'. தும்மினால் 'டஸ்ட் அலர்ஜி'. கடையில் 'டஸ்ட் டீ'. தேயிலைத்தூள் என்ற நல்ல சொல் இருக்கவும். கட்டட வேலை நடக்குமிடத்தில் லாரியில் வந்திறங்கும் கல்லுடைப்புத் தூளுக்கும் 'டஸ்ட்' என்றே பெயர். பிறமொழிச் சொல் வருவதை நாம் முற்றும் வெறுப்பவரல்லோம்; வீட்டில் இடித்தது பொடியாகவும் டப்பாவில் வந்தது பவுடராகவும் வழங்குவதில் ஓர் ஒழுங்குகூட உளது. ஆயினும் கல்லுடைப்பு ஆலையைப் பற்றிக் கூறாதிருத்தல் இயலாது. அங்கே எழுவதை 'தூசி' என்று எழுதும்போது, துடைப்பத்தால் பெருக்கினாற் போயிற்று என்ற எண்ணமே படிப்போர்க்கு உண்டாகிறது. உண்மையில் அது கல்லின் நுண்துகள். அதில் கண்ணுக்குப் புலப்படுவது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். புலப்படாததே நுரையீரலின் அடிவரை செல்லும். 2.5 மைக்ரான் அளவினது தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கேயாம். சிலிக்கா கலந்த துகளைப் பல்லாண்டு சுவாசித்தவர்க்கு வரும் சிலிக்கோசிஸ் நோயால் நுரையீரல் தழும்பேறி இறுகும். அதனை மீட்டுக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நீர் தெளித்தல், இயந்திரத்தை மூடியமைத்தல், தக்க முகக்கவசம் அளித்தல் ஆகிய தடுப்புகளே உள்ளன. அவற்றை ஆலையுரிமையாளரிடம் கேட்டுப் பெறவேண்டிய தொழிலாளி, தன் மார்பில் இறங்குவது வெறுந்தூசி என்று நம்பியிருந்தால் எவ்வாறு கேட்பான்? செய்தித்தாள் எழுதப்போகும் நம் மாணாக்கர் இவ்வொரு சொல்லிலேனும் கவனம் கொள்ளவேண்டும். 'கல்துகள்' என்று எழுதினால் எழுத்துக்கூலி ஒன்றும் மிகாது.

1732-ஆம் ஆண்டில் சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர் இப்பகுதியிலேயே பல்லாண்டு ஊழியம் செய்தவர். அயல்நாட்டார் ஒருவர் ஓலைச்சுவடிகளினின்று அத்துணைச் சொற்களைத் திரட்டினார். நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார் இவ்வாண்டு விடுமுறையில் ஒரு சிறு வேலை மேற்கொள்ளலாம். காந்தி மார்க்கெட் மளிகைக்கடைகளிலும், கொத்தனார், தச்சர், பட்டை தீட்டுவோர் முதலியோரிடத்தும், தத்தம் பாட்டிமாரிடத்தும் சென்று, நுண்ணிய பொருளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு, கேட்ட இடத்தோடு எழுதிவருவார்களாக. அடுத்த மலரில் நான்கு பக்கங்களை அதற்கென ஒதுக்குமாறு ஆசிரியரை இப்போதே வேண்டிக்கொள்கிறோம்.