பழையது அழியாமல் புதியது எழுதுவோம்

பள்ளிக் கணிப்பொறி அறையில் உங்களுக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடம் என்ன? "அடிக்கடி சேவ் செய்யுங்கள்" என்பதுதான். மின்சாரம் நின்றால் எழுதியது போய்விடும் என்பதால் இது நல்ல பாடமே. ஆனால் இது பாதிப் பாடம். எதன் மீது சேவ் செய்கிறோம் என்று பார்த்துச் செய்ய வேண்டும் என்பது மறுபாதி. அந்த மறுபாதியையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு எழுதிய அறிக்கை கணிப்பொறியில் இருக்கிறது. இந்த ஆண்டு அறிக்கையும் அதே அமைப்பில் இருந்தால் போதும். பழைய கோப்பைத் திறக்கிறோம், தலைப்பை மாற்றுகிறோம், அட்டவணையில் புதிய எண்களை இடுகிறோம், கன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்துகிறோம். அந்த நொடியில் சென்ற ஆண்டு அறிக்கை மறைந்துவிட்டது. கணிப்பொறி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

இரண்டு பிரதிகள்

ஒரு கோப்பைத் திறக்கும்போது, வட்டில் உள்ள எழுத்துகளின் நகல் ஒன்று கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்துக்கு வருகிறது. திரையில் நாம் திருத்துவது இந்த நகலைத்தான். வட்டில் உள்ள மூலம் அதுவரை அப்படியே இருக்கிறது. "சேவ்" என்றால், திருத்திய நகலை அதே பெயரில், மூலத்தின் இடத்தில் வை என்று பொருள். திறந்த கோப்பை அதன் இடத்திலேயே வைப்பதுதான் நம் விருப்பம் என்று நிரல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கேள்வி எழுவதில்லை.

"சேவ் ஆஸ்" என்ற கட்டளை வேறு. அது புதிய பெயரைக் கேட்கிறது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், "இதே பெயரில் கோப்பு உள்ளது, மாற்றி வைக்கவா?" என்று எச்சரிக்கிறது. பலர் இதைப் படிக்காமலேயே "ஆம்" என்று அழுத்திவிடுகிறார்கள். ஒரே கணிப்பொறியை நாற்பது பேர் பயன்படுத்தும் பள்ளியில், எல்லாரும் தம் கோப்புக்குப் "புராஜெக்ட்" என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? நாம் அழுத்தும் ஒரு "ஆம்" இன்னொரு மாணவியின் ஒரு மாத உழைப்பை அழித்துவிடக்கூடும்.

ஒரு கோப்பை நீக்கினால் அது பெரும்பாலும் திரையில் உள்ள குப்பைத் தொட்டியில் கிடக்கும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மேலெழுதப்பட்ட கோப்போ குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. எனவே நீக்குவதைவிட மேலெழுதுவதே ஆபத்தானது.

நிலவுப் படங்களுக்கு நேர்ந்தது

இது மாணவர்களுக்கு மட்டும் நேரும் விபத்து அன்று. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது, அங்கிருந்த ஒளிப்படக் கருவி வினாடிக்கு 10 படங்கள் வீதம் அனுப்பியது. தொலைக்காட்சிகளுக்கு ஏற்ப அவை வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்டபோது தெளிவு குறைந்தது. தெளிவான மூலக் குறிகைகள் காந்த நாடாக்களில் பதிவாகியிருந்தன. பிற்காலத்தில் அந்த நாடாக்களைத் தேடியபோது அவை கிடைக்கவில்லை. நாடாத் தட்டுப்பாட்டின்போது அவை அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசா முடிவுக்கு வந்தது. ஒளிபரப்பான படங்கள் நம்மிடம் உள்ளன; அவற்றினும் தெளிவான மூலம் இல்லை.

கருவி செய்வோரின் பொறுப்பு

தவறு முழுவதையும் பயன்படுத்துவோர் மீது சுமத்துவது நியாயமன்று. 1977-இல் வந்த வாக்ஸ் கணிப்பொறியின் வி.எம்.எஸ். இயக்க முறைமை, திருத்திய கோப்பைச் சேமிக்கும்போது பழையதை அழிக்காது. பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என எண்ணிட்டுப் புதிய பதிப்பை உண்டாக்கும். வேண்டாத பதிப்புகளை நாமே கட்டளையிட்டு நீக்க வேண்டும். 1978-இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் சொற்செயலியும் முந்தைய பிரதி ஒன்றைத் தனியே வைத்திருக்கும். வட்டில் இடம் அருமையாக இருந்த காலத்திலேயே இப்படிச் செய்தார்கள்!

இன்றைய நிலை என்ன? ஒரு கணக்குப் போடுங்கள். படங்களுடன் கூடிய உங்கள் அறிக்கை 5 மெகாபைட் என்று கொள்வோம். 16 ஜிகாபைட் பென் டிரைவில் அதன் 3,200 பிரதிகளை வைக்கலாம். ஆகவே, இடம் போதாது என்ற வாதம் இன்று நிற்காது. பழையதைக் காப்பது கருவியின் இயல்பாக இருக்க வேண்டும். அழிப்பது நாம் கேட்டால் நடப்பதாக இருக்க வேண்டும். கூகுள் டாக்ஸ் போன்றவை முந்தைய பதிப்புகளின் வரலாற்றைக் காக்கின்றன. லிப்ரே ஆபீஸிலும் மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் முந்தைய பிரதியை எப்போதும் வைக்கும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஆனால் அதை நாம்தான் தேடி இயக்க வேண்டும்.

ஆய்வுக் குறிப்பேடு தரும் பாடம்

இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு பழைய விதி உண்டு. அளவு தவறு என்று தோன்றினால் ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரே கோடிட்டு அடித்து, பக்கத்தில் புதியதை எழுத வேண்டும். ஊசலின் 20 அலைவுகளுக்கு முதலில் 42.2 வினாடி, மறுமுறை 40.2 வினாடி வந்தது என்று கொள்வோம். வேறுபாடு 2 வினாடி. கிட்டத்தட்ட ஓர் அலைவு நேரம். அப்படியானால் முதல் முறை 21 அலைவுகளை எண்ணியிருக்கிறோம்! அடிக்கப்பட்ட எண் கண்ணுக்குத் தெரிந்ததால்தான் தவறின் காரணமும் தெரிந்தது. 42.2-ஐ அழித்து 40.2 என்று எழுதியிருந்தால் இதை ஒருநாளும் அறிந்திருக்க மாட்டோம்.

கணிப்பொறிக் கோப்புக்கும் இதே விதி பொருந்தும். முதலில் எடுத்த அளவுகள் உள்ள கோப்பை ஒருபோதும் திருத்தக் கூடாது. பிரதியெடுத்துத்தான் திருத்த வேண்டும். உங்கள் முடிவை ஒருவர் ஐயுற்றால், எடுத்துக்காட்ட அந்த மூலம் ஒன்றே சான்று.

கைக்கொள்ள வேண்டியவை

பழைய கோப்பை மாதிரியாகக் கொண்டு எழுதும்போது, திறந்தவுடன், ஓர் எழுத்தைக்கூட மாற்றும் முன், "சேவ் ஆஸ்" மூலம் புதிய பெயர் கொடுங்கள். எழுதி முடித்த பின் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இடையில் கை தானாகவே "சேவ்" விசையை அழுத்திவிடும். தானாகவே சேமிக்கும் நிரல்களில் இது இன்னும் அவசியம்.

கோப்பின் பெயரில் உங்கள் பெயரும், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியும் இருக்கட்டும். ஒரே பெயருக்குப் பின் இவ்வாறு தேதியிட்டால் கோப்புகள் கால வரிசையிலேயே நிற்கும். திரும்பத் திரும்பப் பயன்படும் மாதிரிக் கோப்பைப் "படிக்க மட்டும்" என்று அமைத்துவிடுங்கள்.

தவறி மேலெழுதிவிட்டால் பதறிக் கோப்பை மூடாதீர்கள். மூடாதவரை கன்ட்ரோல், இசட் விசைகளால் பின்னோக்கிச் செல்லப் பெரும்பாலும் இயலும். முதலில் புதியதை வேறு பெயரில் சேமியுங்கள்; பிறகு பின்னோக்கிச் சென்று பழையதையும் அதன் பெயரில் மீண்டும் சேமியுங்கள்.

இவற்றுக்கு ஆகும் நேரம் பத்து வினாடி. "சேவ் செய்தாயா?" என்று கேட்கும் ஆசிரியர்கள் இனி, "எந்தப் பெயரில் செய்தாய்?" என்றும் கேட்கட்டும். மாணவர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். பழைய குறிப்பைக் காப்பதும் அறிவியல் பயிற்சியே.