ஆஸ்துமாவுக்கு கொலஸ்ட்ரால் மருந்து: நுரையீரலுக்கு நேர்வழி பலன் தருமா?

கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் ஸ்டாட்டின் வகை மருந்துகளை, இன்ஹேலர் மூலம் நேரடியாக நுரையீரலுக்குச் செலுத்தி ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்த இயலுமா என்ற கேள்விக்கு சிட்னி நகர ஆய்வாளர்கள் விடை தேடியுள்ளனர்.

ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவருக்கு ஆஸ்துமா உள்ளது. 2016ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி மெல்பர்னில் வீசிய இடியுடன் கூடிய புயலின்போது, புல் மகரந்தத் துகள்கள் காற்றில் பரவியதில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளை நாடினர். 10 பேர் உயிரிழந்தனர். கடுமையாகப் பாதிக்கப்பட்டோரில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்களின் விகிதம் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்ததாகப் பின்னர் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆகவே இது அங்கு வாழும் தமிழர்களுக்கும் அந்நியமான விவகாரம் அல்ல.

உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகளே இந்நோய்க்கான சிகிச்சையின் அடித்தளம். ஆனால் கடுமையான ஆஸ்துமா உள்ள ஒரு பகுதியினருக்கு அவை போதிய பலன் தருவதில்லை. மாற்று மருந்துக்கான தேடல் இவர்களை முன்னிட்டே நடக்கிறது.

உடலில் கொலஸ்ட்ரால் உருவாவதற்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின்கள் தடுக்கின்றன. அதே வேதியியல் பாதையில் உருவாகும் வேறு சில பொருட்களுக்கு, மூச்சுக்குழாய்த் தசைகள் இறுகுவதிலும் அழற்சியிலும் பங்குண்டு. எனவே அப்பாதையை நுரையீரலிலேயே அடைத்தால் நோய் தணியக்கூடும் என்பது ஆய்வாளர்களின் வாதம்.

ஆனால் 2007, 2008ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் வெளியான, மாத்திரை வடிவிலான பரிசோதனைகளின் முடிவுகள் ஏமாற்றம் அளித்தன. நோயாளிகளின் நுரையீரல் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. விழுங்கப்படும் சிம்வாஸ்டாட்டினின் பெரும்பகுதியைக் கல்லீரலே பிடித்துக்கொள்கிறது. பொது ரத்த ஓட்டத்தை எட்டுவது 5 சதவீதத்திற்கும் குறைவு. கொலஸ்ட்ராலைக் குறைக்க இது உகந்தது; நுரையீரலுக்கோ உதவாது.

இதனால்தான் நேர்வழி முன்வைக்கப்படுகிறது. சிட்னியின் வூல்காக் மருத்துவ ஆய்வு நிறுவனமும் சிட்னி பல்கலைக்கழகமும் நடத்திய சோதனைகளில், மூச்சுக்குழாய் உயிரணுக்களுக்கு சிம்வாஸ்டாட்டின் தொடர்ந்து அளிக்கப்பட்டபோது சளி உற்பத்தி குறைந்தது. அம்மருந்து இன்ஹேலர் வடிவிலும் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், பிராவாஸ்டாட்டின் மருந்தை எலிகளின் மூச்சுக்குழாயில் நேரடியாகச் செலுத்திச் சோதித்தனர்.

எனினும் ஆய்வுக்கூட உயிரணுக்களும் எலிகளும் மனிதர்கள் அல்ல. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் மேற்படலத்திலும் கொலஸ்ட்ரால் உள்ளது. ஆண்டுக்கணக்கில் அங்கு ஸ்டாட்டினைச் செலுத்துவது பாதுகாப்பானதா என்பது நிரூபிக்கப்பட வேண்டும்.

பணமும் ஒரு தடை. இம்மருந்துகள் பலவற்றின் காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் அவை மலிவாகக் கிடைக்கின்றன. ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் பெரும் செலவில் மனிதப் பரிசோதனைகளை நடத்த மருந்து நிறுவனங்களுக்கு ஆர்வம் குறைவதற்கும் அதுவே காரணம். மருந்து பழையதாயினும், செலுத்தும் வழி மாறினால் பாதுகாப்பை மீண்டும் நிறுவியாக வேண்டும். பொது நிதி இல்லாமல் இம்முயற்சி வெகுதூரம் செல்வது கடினம்.

அதுவரை, ஆஸ்துமாவுக்காக ஸ்டாட்டின் மாத்திரைகளைத் தாமாக உட்கொள்வதில் அர்த்தமில்லை. மெல்பர்னில் பாதிக்கப்பட்ட பலருக்குத் தங்களுக்கு ஆஸ்துமா இருப்பதே அதற்குமுன் தெரிந்திருக்கவில்லை. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சமும் தெற்காசியக் குடும்பங்களில் நீடிக்கிறது. புதிய மருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. நோயை உரிய காலத்தில் கண்டறிந்து, ஏற்கனவே உள்ள தடுப்பு இன்ஹேலரைத் தவறாமல் பயன்படுத்துவதே அது.