பக்கத்துக் கதிரையில் இருந்தவர்



சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் 'வாய்மை' அதிகாரத்தைக் கற்பித்தபோது, நாம் வாழும் இச்சுவிஸ் நாட்டைச் சேர்ந்த பவுல் குறூனிங்கரின் வரலாற்றையும் எடுத்துரைத்தேன். ஆசிரியராகத் தொழில் தொடங்கிப் பின்னர் சென் காலன் மாநிலப் பொலிசின் தலைமை அதிகாரியானவர் அவர். நாசிகளுக்கு அஞ்சி ஒஸ்ரியாவிலிருந்து ஓடிவந்த யூதர்களுக்கு 1938 ஆகஸ்ட் மாதத்தில் சுவிஸ் அரசு எல்லையை மூடியது. அதன் பின்னர் வந்தோரை முன்னரே வந்தோராகக் காட்டத் திகதிகள் மாற்றி எழுதப்பட்டன. குறூனிங்கரே அதற்குத் துணிந்தார். நூற்றுக்கணக்கான உயிர்கள் தப்பின. அவருக்கோ 1939இல் பதவி போயிற்று, 1940இல் நீதிமன்றம் தண்டம் விதித்தது, ஓய்வூதியமும் இல்லை. 1972இல் வறியவராகவே இறந்தார். அத்தீர்ப்பு நீக்கப்பட்டு அவர் குற்றமற்றவர் எனப்பட்டது 1995இல்.

கதை முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்தான். "சேர், திகதியை மாற்றி எழுதினது பொய்தானே?"

வெண்கட்டி என் கையிலேயே இருந்தது. வள்ளுவரைத் துணைக்கு அழைத்துப் பார்த்தேன்; அவன் மசியவில்லை. (கேள்வி கேட்கும் மாணவன் கிடைப்பது ஆசிரியனுக்குப் பேறு, ஆனால் அந்த நேரத்தில் அப்படித் தோன்றுவதில்லை.) பொய்தான். ஆயினும் அவர் செய்தது சரியென்றே நான் கருதுகிறேன். எல்லையில் நின்றோரின் துயரைக் கண்ணாற் கண்டவர் வேறுவிதமாக நடந்திருக்க முடியாது என்ற பொருளில் அவர் பின்னாளில் எழுதியுள்ளார். அவருக்கு மேலிருந்தோரிடமும் கொள்கை இருந்தது. எல்லைக்கு வந்தோரின் முகங்களைத்தான் அவர்கள் பார்க்கவில்லை.

நாம் பார்க்கிறோமா? நமது பாடசாலையின் தேநீர் இடைவேளையில், "இப்ப வாற அகதிகள் எல்லாம் காசுக்கு வாறவங்கள்" என்று நம்மவர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எண்பதுகளில் நம் இளைஞரைத் தோற்சட்டை அணிந்த போதைப்பொருள் வியாபாரிகள் என்று இந்நாட்டுப் பத்திரிகைகள் சில எழுதியதை மூத்த பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பேச்சை நம் பிள்ளைகள் அருகிலிருந்து கேட்கிறார்கள்.

பிறரை மட்டும் குறை கூறும் தகுதி எனக்கில்லை. கிளிநொச்சியில் ஆசிரியராயிருந்த நான் 2010இல் இங்கு வந்தேன். மறுவருடம் ஜேர்மன் மொழி வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் எரித்திரியா நாட்டவர் ஒருவர் அமர்ந்தார். மூன்றாம் நாள் நான் வேறு கதிரைக்கு மாறினேன். காரணம் எதுவுமில்லை, நம்மவர் சொல்லக் கேட்டதே காரணம். "யாதும் ஊரே" என்று பல்லாண்டு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னவன் செய்த செயல் அது.

சில வாரங்களின் பின், நம்மை அறிமுகஞ் செய்யும் பயிற்சியில் ஒவ்வொருவரும் எழுந்து தம் தொழிலைச் சொல்ல வேண்டியிருந்தது. அவரும் ஆசிரியர் என்றார். நான் தலை குனிந்தேன். இடைவேளையில் அவரிடம் சென்று, என் கொப்பியில் 'அ' எழுதிக் காட்டினேன். அவர் பேனையை வாங்கித் தமது திகிரிஞா மொழியின் எழுத்துகளை எழுதினார். ஒவ்வொரு மெய்யும் உயிரோடு சேர்ந்து வடிவம் மாறுகிறது, நம் உயிர்மெய் போலவே. அவர்களுக்கு ஏழு வடிவங்கள். நான் க, கா, கி என்று எழுத, அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். மணி அடித்தது எம் இருவருக்கும் கேட்கவில்லை.